‘டயாலிசிஸ் உண்டா?’ – ஒரு கேள்வியின் கதை

வங்கியில் இருபத்திரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். வாடிக்கையாளர்களிடம் நான் அதிகமாகச் சொன்ன வாக்கியம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: "எல்லாக் காலத்தையும் நிரப்புங்க சார், எதையும் விடாதீங்க." அகமதாபாத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு அதையே இந்தியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட அடியேன் போன வருடம் ஒரு ஸ்கேன் சென்டரில் ஒரே ஒரு காலத்தை நிரப்பாமல் விட்டுவிட்டேன்.

எம்.ஆர்.ஐ. எனக்கில்லை, என் மாமனாருக்கு. திருநெல்வேலிக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மாமியார் காலமான பிறகு எங்களோடு வந்துவிட்டார். மூன்று வருடமாக வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், செவ்வாயும் வெள்ளியும். வழக்கமாக எடுக்கும் அல்ட்ராசவுண்டில் இடது சிறுநீரகத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது. வெறும் நீர்க்கட்டியா, வேறு எதுவுமா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார் டாக்டர். (வருடக்கணக்கில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வருவது சகஜம். அதில் ஒன்றிரண்டு புற்றுநோயாகிவிடலாம் என்பதால்தான் இந்தச் சோதனை.)

அன்று புதன்கிழமை. எனக்கு லீவு கிடைத்த நாள் அது, அதனால் ஸ்கேனும் அன்றைக்கு. செப்டம்பர் மாதக் கடைசி, அரையாண்டுக் கணக்கு முடிக்கிற நேரம். கிளையிலிருந்து போன் மேல் போன். ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே படிவத்தை நிரப்பினேன். பேஸ்மேக்கர் உண்டா, இல்லை. உடம்பில் உலோகம் உண்டா, இல்லை. அடுத்தது சிறுநீரகக் கோளாறு அல்லது டயாலிசிஸ். அந்த நேரத்தில்தான் மேலாளர் ஏதோ கேட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

உள்ளே மருந்து ஏற்ற ஊசி போடவேண்டும் என்று அந்த டெக்னீஷியன் பெண் மாமாவின் சட்டைக் கையை மடித்திருக்கிறாள். இடது கையில் ஃபிஸ்டுலா. தொட்டால் உள்ளே குறுகுறுவென்று ரத்தம் ஓடுவது விரலுக்குத் தெரியும். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "அங்கிள், டயாலிசிஸ் சாலூ ஹை?" என்று கேட்டிருக்கிறாள். மாமாவுக்கு இந்தி தகராறு. ஆனால் அந்த ஒரு வார்த்தை எல்லா மொழியிலும் ஒன்றுதானே. தலையாட்டியிருக்கிறார். வெளியே வந்தவள் படிவத்தை என் முன்னால் நீட்டினாள். சிவப்பு மையில் வட்டம். "சார், யே காலம் காலி ஹை."

என் வாக்கியம் எனக்கே திரும்பி வந்தது.

அரை மணி நேரம் கழித்து ரேடியாலஜி டாக்டர் வந்தார். மருந்து ஏற்றாமலே எடுத்துப் பார்க்கலாம், தேவைப்பட்டால் பிறகு யோசிக்கலாம் என்றார். கோபிக்கவில்லை. "தெரிந்திருந்தால் வெள்ளிக்கிழமை காலையில் வரச் சொல்லியிருப்பேன். ஸ்கேன் முடிந்ததும் நேரே டயாலிசிஸுக்குப் போயிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

வங்கிப் படிவத்தில் ஒரு புதுக் கேள்வி முளைத்தால், எங்கோ எவனோ ஏமாந்திருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியும். அப்படியானால் இந்தக் கேள்வி யாரால் வந்தது? சில மாதங்கள் இரவில் உட்கார்ந்து படித்தேன். நான் பி.காம். படித்தவன், மருத்துவ நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கதையை ஹாலந்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும். இரண்டாம் உலகப்போர், ஜெர்மன் ஆக்கிரமிப்பு. காம்பன் என்ற சிறு ஊரின் ஆஸ்பத்திரியில் வில்லம் கோல்ஃப் என்ற இளம் டாக்டர், இறைச்சிக் கடையில் சாஸேஜ் அடைக்கப் பயன்படுத்தும் செலஃபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றி, அதற்குள் நோயாளியின் ரத்தத்தை ஓடவிட்டு உப்புத் தண்ணீரில் சுழலவைத்தார். அது 1943. முதலில் வந்த நோயாளிகள் பிழைக்கவில்லை. 1945-ல்தான் 67 வயது அம்மையார் ஒருவர் கோமாவிலிருந்து கண் விழித்தார். ஆனால் அந்தக் கருவியெல்லாம் சில நாட்களுக்குத்தான். ஒவ்வொரு முறையும் புதிய ரத்தக்குழாயில் குத்தவேண்டும், குழாய்கள் தீர்ந்தால் சிகிச்சையும் தீர்ந்தது. 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர், கையிலேயே நிரந்தரமாக இருக்கும்படி ஒரு டெஃப்லான் குழாயைப் பொருத்தினார். அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் அதன் பிறகு பதினோரு வருடம் வாழ்ந்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிறுநீரகம் வேலை செய்யாமலே வருடக்கணக்கில் வாழும் மனிதர் என்று ஒரு வகையே 1960-க்கு முன்னால் கிடையாது. மருந்து கண்டுபிடிக்கிறவர்கள் மனதில் ஒரு நம்பிக்கை இருக்கும், உள்ளே போனது சிறுநீரில் வெளியே வந்துவிடும் என்று. புதிதாக வந்த இந்தக் கூட்டத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

இனி எம்.ஆர்.ஐ. பக்கம். 1973-ல் பால் லாட்டர்பர் காந்தப்புலத்தை வைத்துத் தண்ணீரைப் படம் பிடித்துக் காட்டினார். 1977-ல் ரேமண்ட் டமாடியன் குழு மனித உடலையே எடுத்தது. (2003-ல் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு போனதும், தன்னை விட்டுவிட்டார்கள் என்று டமாடியன் தரப்பு செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது தனிக்கதை.) எக்ஸ்ரே கதிர் இல்லை, வலி இல்லை. ஆனால் கட்டியும் பக்கத்துச் சதையும் பல சமயம் ஒரே சாம்பல் நிறத்தில் தெரிந்தன. வித்தியாசம் காட்ட ஒரு மருந்து வேண்டியிருந்தது.

அதற்கு வாய்த்தது காடோலினியம். யோஹான் காடோலின் என்ற பின்லாந்து வேதியியலாளர் பெயரால் வழங்கும் உலோகம். இதன் அணுவில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் ஏழு இருப்பதால் குட்டிக் காந்தம் மாதிரி நடந்துகொள்ளும். பக்கத்தில் இருக்கும் தண்ணீர் படத்தில் பளிச்சென்று தெரியும். சிக்கல் என்னவென்றால் அது விஷம். உருவத்தில் ஏறக்குறைய கால்சியம் அளவு, அதனால் உடம்பில் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்து காரியத்தைக் கெடுக்கும். ஆகவே பெர்லினில் ஷெரிங் கம்பெனி விஞ்ஞானிகள் அதை டி.டி.பி.ஏ. என்ற மூலக்கூறுக்குள் கட்டி அனுப்பினார்கள். 1988-ல் மேக்னவிஸ்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

எங்கள் பாஷையில் சொல்கிறேன். கரன்சி செஸ்டிலிருந்து பணத்தை வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம். சாதாரண ஆளின் உடம்பில் அந்த வண்டி சீக்கிரமே வெளியே போய்விடும், ஒன்றரை மணி நேரத்தில் பாதி மருந்து காலி. சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடம்பில் பாதி வெளியேறவே ஒரு நாளுக்கு மேலாகும். அவ்வளவு நேரம் வண்டி நடுரோட்டில் நிற்கிறது. பணம் இரும்புப்பெட்டியில் இருந்தால் பரவாயில்லை, கோணிப்பையில் இருந்தால்? அன்றைக்கு வந்த மருந்துகளில் சில கோணிப்பை ரகம். காடோலினியத்தை நீளச் சங்கிலியால் சுற்றிக் கட்டியவை. பெட்டி ரகமும் இருந்தது, மூலக்கூறு வளையமாக மூடிக்கொள்ளும். இரண்டுக்கும் நடைமுறையில் வித்தியாசம் இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம் உண்டு. சி.டி. ஸ்கேனிலும் ஆஞ்சியோகிராமிலும் போடும் அயோடின் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று எல்லா டாக்டர்களுக்கும் பயம். காடோலினியம் அப்படிக் கெடுப்பதாகத் தெரியவில்லை. ஆகவே 1990-களில் சிறுநீரக நோயாளி என்றாலே, "இவருக்கு அயோடின் வேண்டாம், எம்.ஆர்.ஐ. எடுங்கள், அதுதான் பாதுகாப்பு" என்றார்கள். ரத்தக்குழாய்ப் படத்துக்கு வழக்கமான அளவைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூடக் கொடுத்தார்கள். யாரைக் காப்பாற்ற நினைத்தார்களோ அவர்களுக்கே தேடித் தேடிக் கொடுத்தார்கள். யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது. இந்த வரலாற்றில் என்னை உறுத்துவது அதுதான்.

1997-ல் அமெரிக்காவில் சில டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஒரு விசித்திரமான வியாதி வந்தது. கால் தோல் தடித்து மரப்பட்டை மாதிரி இறுகும். பிறகு கை. எரிச்சல், அரிப்பு. முழங்கால் மடங்காது, விரல் நீளாது. நடமாடிக்கொண்டிருந்தவர்கள் சில வாரங்களில் சக்கர நாற்காலிக்கு வந்தார்கள். 2000-ஆம் ஆண்டு ஷான் கௌப்பர் என்ற தோல்நோய் நிபுணரும் சக டாக்டர்களும் ‘லான்செட்’ இதழில் இது இதுவரை பார்க்காத வியாதி என்று எழுதினார்கள். தோல் மட்டுமல்ல, தசை, இதயம், நுரையீரல்வரை இறுகலாம் என்று பின்னால் தெரிந்தது. இன்றைக்கு அதன் பெயர் நெஃப்ரோஜெனிக் சிஸ்டமிக் ஃபைப்ரோசிஸ், சுருக்கமாக என்.எஸ்.எஃப். குணப்படுத்த நிச்சயமான மருந்து கிடையாது.

கௌப்பர் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு பதிவேடு திறந்தார். எந்த ஊரில் இந்த வியாதி வந்தாலும் அங்கே எழுதி வைத்தார்கள். (இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. பெரிய கருவி எதுவும் இல்லை, ஒரு லெட்ஜர்!) எல்லோருக்கும் சிறுநீரகக் கோளாறு உண்டு, அது தெரிந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு காலங்காலமாக இருக்கிறதே, இந்த வியாதி மட்டும் ஏன் 1997-க்குப் பிறகு? ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபொய்டின் ஊசியா, ஏதாவது கிருமியா, நச்சா என்று பல சந்தேகங்கள். ஒன்பது வருடம் போயிற்று.

2006 ஜனவரியில் விடை ஆஸ்திரியாவிலிருந்து வந்தது. வீனர் நோய்ஷ்டாட் என்ற ஊரின் சிறுநீரக டாக்டர் தாமஸ் க்ரோப்னர். தன் டயாலிசிஸ் நோயாளிகளில் காடோலினியம் போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்ட ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு இந்த வியாதி வந்திருப்பதைக் கவனித்தார். காடோலினியம்தான் காரணமோ என்று தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டு எழுதினார். எந்த மருந்து என்பதை அந்தக் கட்டுரையில் முதலில் தவறாகக் குறிப்பிட்டு, பிறகு அது காடோடயமைடு என்று திருத்தம் வெளியிட்டார்கள். அது கோணிப்பை ரகம்.

அதே வருடம் டென்மார்க். கோபன்ஹேகன் அருகே ஹெர்லேவ் ஆஸ்பத்திரியில் பீட்டர் மார்க்மனும் சக டாக்டர்களும் தங்களிடம் இருந்த 13 என்.எஸ்.எஃப். நோயாளிகளின் பழைய ஃபைல்களை எல்லாம் எடுத்துப் போட்டார்கள். நாங்கள் செய்யும் ரீகன்சிலியேஷன் மாதிரியேதான். எல்லோருக்கும் பொதுவான ஒரே பதிவு எது என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால் மிஞ்சியது ஒன்றுதான். 13 பேருக்கும் வியாதி வருவதற்கு முன்னால் காடோடயமைடு ஏற்றப்பட்டிருந்தது. ஊசி போட்ட இரண்டு நாள் முதல் 75 நாளுக்குள் வியாதி தொடங்கியிருந்தது.

இத்தனை வருடம் ஏன் யாருக்கும் படவில்லை என்பதற்கு அந்த நாள் கணக்கே பதில். ஊசி போட்டது ஸ்கேன் பிரிவு. ஒரு மாதம் கழித்துக் கால் இறுகியதைப் பார்த்தது தோல் பிரிவு. டயாலிசிஸ் இன்னொரு மாடி. ஒரு பிரிவின் பதிவேடு இன்னொரு பிரிவுக்குப் போவதில்லை. ஒவ்வொருவர் கணக்கும் சரியாக டேலி ஆகிக்கொண்டிருந்தது, மொத்தக் கணக்கில்தான் ஓட்டை. 2007-ல் நோயாளிகளின் தோலுக்குள்ளேயே காடோலினியம் இருப்பதைக் கண்டுபிடித்த பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2006-ல் எச்சரித்தது, 2007-ல் மருந்தின் உறையிலேயே கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை வேண்டும் என்றது. 2010-ல் மூன்று மருந்துகளைக் கடும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்றது, அதில் மேக்னவிஸ்டும் ஒன்று. 2017-ல் ஐரோப்பா கோணிப்பை ரக ஊசிகளில் பலவற்றைப் புழக்கத்திலிருந்தே நிறுத்திவைத்தது. உலகெங்கும் எம்.ஆர்.ஐ. படிவங்களில் அந்தக் கேள்வி ஏறியது. புதிதாக என்.எஸ்.எஃப். வருவது கிட்டத்தட்ட நின்றே போனது.

ஆனால் பயம் நிற்கவில்லை. டயாலிசிஸ் என்ற வார்த்தையைக் கேட்டாலே எந்தக் காடோலினியமும் வேண்டாம் என்று பல இடங்களில் கையை விரித்தார்கள். தேவையான படம் எடுக்காமலே பலர் திரும்பினார்கள். 2020-ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. சிறுநீரகம் மோசமாகப் பழுதான 4,931 பேருக்குப் பெரும்பாலும் பெட்டி ரகமான புதிய மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைக் கூட்டினால், என்.எஸ்.எஃப். வந்தவர் ஒருவர்கூட இல்லை. 2021-ல் அமெரிக்க ரேடியாலஜி, சிறுநீரக அமைப்புகள் சேர்ந்து, அவசியமென்றால் இவற்றைக் கொடுக்கத் தயங்கவேண்டாம் என்றன. டயாலிசிஸ் நோயாளி என்றால் அடுத்த டயாலிசிஸுக்குச் சற்று முன்னால் ஸ்கேனை வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் டாக்டர் ‘வெள்ளிக்கிழமை காலை’ என்று சொன்னதன் அர்த்தம் இதுதான். ஒருமுறை டயாலிசிஸ் செய்தால் மருந்தில் பெரும்பகுதி போய்விடும், இரண்டு மூன்று முறையில் கிட்டத்தட்ட எல்லாமே.

மாமாவின் ஸ்கேன் முடிவு நல்லபடியாக வந்தது. ரத்தம் கசிந்த நீர்க்கட்டி, ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் போதும். வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம். மாமா மட்டும் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ளே, இதுல என் கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு போட்டிருக்கானா?"

"அதுக்கு எடுக்கலை மாமா."

"எனக்கு இன்னும் ஒண்ணுக்குப் போகுதுல்லா. அப்ப கொஞ்சமாவது வேலை செய்யணும்லா?"

வாத்தியார் கேள்வி. டயாலிசிஸ் தொடங்கியதும் சிறுநீரகக் கணக்கை மூடிவிட்டதாகத்தான் நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொண்டவர்களைப் பற்றிய ஓர் ஆய்வைத் திரும்ப அலசி 2001-ல் எழுதினார்கள். தினமும் போகும் சிறுநீர் 250 மில்லி கூடுதலாக இருந்தால் இறக்கும் அபாயம் 36 சதவீதம் குறைவாக இருந்ததாம். மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்சத்துக்கு அவ்வளவு மதிப்பு. கிரியாட்டினினைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது, பாதியை மெஷின் வடிகட்டிவிடுகிறதே.

எம்.ஆர்.ஐ.-யால் சொல்ல முடியுமா? இங்கே ஒரு வேடிக்கை. சிறுநீரகம் தானம் கொடுப்பவர்களுக்கு எடுக்கும் டி.டி.பி.ஏ. ஸ்கேன் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அதே டி.டி.பி.ஏ.தான், டெக்னீஷியத்தைச் சுமந்தால் அந்த ஸ்கேன், காடோலினியத்தைச் சுமந்தால் மேக்னவிஸ்ட். சிறுநீரகம் அதை எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்று எம்.ஆர்.ஐ.-யில் பார்த்தே செயல்திறனை அளக்கலாம். ஆனால் அளக்கவேண்டிய தேவை யாருக்கு அதிகமோ அவர்களுக்குத்தான் அந்த மருந்து ஆகாமல் போனது.

ஆகவே மருந்தே இல்லாத வழிகளைத் தேடினார்கள். ஆக்சிஜனை இழந்த ரத்தம் காந்தத்துக்கு லேசாக இழுபடும், ஆக்சிஜன் உள்ள ரத்தம் இழுபடாது. இதை 1936-லேயே லைனஸ் பாலிங் கண்டிருந்தார். 1990-ல் செய்ஜி ஒகாவா இதை வைத்து மூளையைப் படம் பிடித்தார். 1996-ல் பாஸ்டனில் பி.வி.பிரசாத் குழுவினர் சிறுநீரகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஃப்யூரோசமைடு, அதாவது நம் வீடுகளில் தெரிந்த லேசிக்ஸ், கொடுத்தால் சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் மிச்சமாவது படத்திலேயே தெரிந்தது. இன்னொரு வழி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் காந்தத்தால் அடையாளம் செய்து அனுப்பி, எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பது. லஞ்சம் வாங்குபவரைப் பிடிக்க நோட்டில் பொடி தடவிக் கொடுப்பார்களே, அந்த உத்தி. ஐரோப்பாவில் 2017 முதல் பாரன்கிமா என்ற கூட்டு முயற்சியில் இவற்றை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி அளக்க முறைகள் வகுத்தார்கள். ஆனாலும் டயாலிசிஸ்வரை வந்தவரின் சிறுநீரகம் பெரும்பாலும் சுருங்கியிருக்கும், அதில் ஓடும் ரத்தமும் குறைவு. அளவு பிடிபடுவது கஷ்டம். இன்னும் ஆராய்ச்சிக்கூட விஷயம்தான்.

இதையெல்லாம் மாமாவிடம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை சிறுநீரக டாக்டரிடம் அவரே அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டும் விட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கையில் கொடுத்தார். இருபத்துநாலு மணி நேரம் போகிற சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் சேர்த்துக் கொண்டுவாருங்கள், அதில் யூரியா பார்த்துச் சொல்கிறேன்.

முதல் தடவை 420 மில்லி. எங்கள் வங்கி டைரி ஒன்றை வாங்கி அதில் தேதி போட்டு எழுதினார். இப்போது டாக்டர் கேட்காத மாதத்திலும் அளந்து எழுதுகிறார். போன மாதம் 380. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆறு மாதம் கழித்து மறு ஸ்கேனுக்குப் போனோம், இந்த முறை வெள்ளிக்கிழமை காலை. படிவத்தை நீட்டினார்கள். நான் பேனாவை எடுப்பதற்குள், "நீங்க போன் பேசுங்க மாப்ளே" என்று மாமா அதை வாங்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் வெறும் டிக் அடிக்கவில்லை. செவ்வாய், வெள்ளி, இடது கை ஃபிஸ்டுலா, ஒரு நாளைக்கு 380 மில்லி என்று குண்டு குண்டான வாத்தியார் எழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டுக் கொடுத்தார்.